தாளிக்காத குடித்தனக்காரர் தேவை

— சமைக்கக் கூடாதுன்னு விளம்பரத்துல போட்டா எந்தக் குடும்பம் சார் வரும்? காத்தைக் குடிச்சே உயிர் வாழ்றவங்களைத் தேடி நான் எங்க போவேன்?

— ஜைனப், முறை என்று ஒன்று இருக்கிறது. வீடு என்னுடையது, நிபந்தனையும் என்னுடையது. அதற்கு ஒத்துவருபவரை அழைத்துவருவதுதான் ஏஜெண்டின் வேலை.

— சிங்கப்பூர் பூரா தேடி ஆறு பேரை அழைச்சிட்டு வந்தேன் லா, கதிரேசன் சார். ஒருத்தரு நாய் வச்சிருந்தாரு, சரி. இன்னொருத்தரு செருப்பை வாசல்ல கழட்டிப் போட்டாருன்னு வேணாம்னீங்க.

— அங்கே செருப்பு அலமாரி இருப்பது எதற்கு?

— ஏங்க, அந்த அலமாரியில அஞ்சு வருசமா உங்க பழைய பேப்பர்தானே இருக்கு.

— மங்களம், நீ இதில் தலையிடாதே.

— தலையிடாம? வாரத்துக்கு மூணு நாளு ஃபேரர் பார்க் போயி டயாலிசிஸ் மெஷின்ல கெடக்கறது நானா, நீங்களா? இங்க ஆங் மோ கியோ வீட்டுக்குத் திரும்பி வர்றதுக்குள்ள டாக்ஸியிலயே தலை தொங்கிப் போகுது. டயாலிசிஸ் நிலையத்துக்கு எதிர்லயே வாடகைக்கு வீடு கெடைச்சிருக்குன்னு இந்தப் பொண்ணு சொல்லுது. இங்க ஆள் வந்தாத்தானே நாம அங்க போக முடியும்?

— ஆன்ட்டி சொல்றது சரி சார். அந்த வீட்டு ஓனரோட ஏஜெண்டு ஜெய், சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்றேன்னுருக்கான். சனிக்கிழமை வந்துச்சே திவ்யதர்ஷினி, அதுக்கு நீங்க சரின்னு சொல்லியிருந்தா இந்நேரம் பெட்டி கட்டியிருக்கலாம். புருஷனுக்கு இங்க பக்கத்துலயே புதுசா இன்ஜினியர் வேலை, அதுக்காகத்தான் வீடு மாறுறாங்க. ரெண்டு வருசம் அசைய மாட்டாங்க. பேரம்கூடப் பேசல.

— அந்தப் பெண் கோயம்புத்தூர். வந்தவள் வரவேற்பறையைப் பார்த்தாளா? இல்லை. நேராகச் சமையலறைக்குப் போனாள். “புகை நல்லா வெளிய போகுமா அங்கிள்?” என்று கேட்டாள். அப்போதே அவள் உள்நோக்கம் எனக்குப் புரிந்துவிட்டது.

— என்ன உள்நோக்கம்? கொலையா? சாம்பார் வைக்கிறது சார்.

— ஆகையால்தான் நிபந்தனைகளை நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். கடுகு தாளிக்கக் கூடாது. மீன் வறுக்கக் கூடாது. தயிர்சாதத்துக்கு ஆட்சேபம் இல்லை. ஊறுகாயை வெளியே சென்று சாப்பிட வேண்டும். அவளைக் குறை சொல்லக் கூடாது. ஒரு வரி விடாமல் போனில் குறித்துக்கொண்டாள். பணிவான பிள்ளை. இருந்தாலும் அந்த ஊர்க்காரர்களின் மசாலா வாடை சுவரில் ஏறினால் இறங்காது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

— நம்ம சுவரு மட்டும் சந்தனமா மணக்குதாக்கும். நேத்து நீங்க ஆசைப்பட்டீங்கன்னு நெத்திலி வறுத்தேன். கீழ் வீட்டுச் சீனம்மா சன்னலைச் சாத்திட்டாங்க.

— அது வேறு, மங்களம். அது நம் வாடை.

— அடுப்புக்கு மேல சீலிங்கைப் பாருங்க சார். முப்பது வருசத்துத் தாளிப்பு மஞ்சளா உக்காந்திருக்கு. வர்றவங்க பெயிண்ட்டு நிறமான்னு கேக்குறாங்க. ஆமா, சாரு ஆசையா அடிச்சதுன்னு நானும் புளுகிக்கிட்டிருக்கேன்... இருங்க, ஜெய் கூப்பிடுறான். சொல்லு ஜெய். ம்... என்னது? யாரு? உண்மையாவா? சரி சரி, எழுதினதை அனுப்பு. ஐயோ, சிரிக்காத லா.

— என்ன சொல்கிறார்?

— ஓனர் ஒத்துக்கிட்டாங்க சார். ஆன்ட்டி உடம்புக்காகன்னு சொன்னதும் வேற யாருக்கும் தரமாட்டேன்னுட்டாங்களாம்.

— பார்த்தாயா, மங்களம்? உலகத்தில் பண்பாடு தெரிந்த மனிதர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

— இருக்காங்க சார். சமையலுக்கு மட்டும் நிபந்தனை எழுதி அனுப்பியிருக்காங்க. வாசிக்கிறேன். கடுகு தாளிக்கக் கூடாது.

— என்ன?

— மீன் வறுக்கக் கூடாது. தயிர்சாதத்துக்கு ஆட்சேபம் இல்லை. ஊறுகாயை வெளியே சென்று சாப்பிட வேண்டும்.

— ஏங்க, எங்கயோ கேட்ட மாதிரி இல்ல?

— சும்மா இரு, மங்களம். இது அக்கிரமம். வீட்டுக்குச் சொந்தக்காரன் என்றால் அடுத்தவன் வாணலிக்குள் மூக்கை நுழைப்பதா? வாடகை கொடுக்கிறவனுக்கு நாக்கு கிடையாதா? இந்த வயதில் நான் ஊறுகாய்ப் பாட்டிலும் கையுமாக ஃபேரர் பார்க் ரேஸ் கோர்ஸ் சாலையில் நிற்க வேண்டுமா? தமிழ்ச் சாப்பாட்டின் அருமை தெரியாத அந்த ஆள் யார்? பேரைச் சொல்லுங்கள், ஜைனப். நானே கேட்கிறேன்.

— நீங்க கேட்டுத்தான் ஆகணும் சார், அதுவும் கொஞ்சம் கெஞ்சி. சனிக்கிழமை உங்க அடுப்படியில நின்னு ஒரு வரி விடாம குறிச்சுக்கிட்டுப் போச்சே, அந்தப் பணிவான பிள்ளையோட வீடுதான் அது.