கொம்பு மடியாத வண்டு

இல்ல தம்பி, ராங் நம்பர் இல்ல. நேத்து கூப்பிட்டவன்தான், முந்தாநேத்தும் நான்தான். செடி, பூச்சி பத்தி எது வேணாலும் கேளுங்கன்னு நீங்கதானே நம்பர் போட்டிருக்கீங்க? இன்னிக்கு வேற வண்டு.

கூன்வண்டுதான், அது தெரியுது. துதிக்கை மாதிரி மூக்கை நீட்டிக்கிட்டு இருக்கு. தொட்டா செத்த மாதிரி பொத்துனு விழுது. ஆனா எள்ளு அளவுதான் இருக்கு.

மருந்தா? அதெல்லாம் வேணாம். மாடியில நாலு தொட்டி அவரைக்கொடி, தின்ன நான் ஒருத்தன்தான். வண்டும் தின்னுட்டுப் போகட்டும். என்ன வண்டுன்னு மட்டும் சொல்லுங்க.

ஆங், கொம்பு! கூன்வண்டுன்னா மூக்குல ரெண்டு கொம்பு இருக்கும், நம்ம முழங்கை மாதிரி மடிஞ்சிருக்கும்னு போன வாரம் சொன்னீங்கல்ல? இதுக்கு மடியல தம்பி. குச்சி மாதிரி நேரா நிக்குது. உடம்பும் முன்னாடி ஒடுங்கி, பின்னாடி குண்டா, பேரிக்கா மாதிரி. தப்பாப் பாக்கல. நான் வாட்ச் ரிப்பேர் பண்றவன், முப்பது வருஷமா கண்ணுல லென்ஸ் மாட்டித்தான் பொழைக்கிறேன்.

தெரியலியா? புத்தகத்துலயும் இல்லியா? நல்லாப் பாருங்க... இல்லல்ல? அப்பாடா.

கோவிச்சுக்காதீங்க. உங்களுக்குத் தெரியலேன்னா பெரிய மேடத்துக்கு லைன் குடுப்பேன்னு முதல் நாளே சொன்னீங்க. ஆனா எதைச் சொன்னாலும் பட்டுனு பேரு சொல்லிடுறீங்க. ரெண்டு மாசமா இலை இலையாப் பொரட்டிக்கிட்டு இருக்கேன்.

மேடத்தைத் தெரியுமாவா? என் பொண்ணுதான் தம்பி. பேப்பர்ல போட்டோ பாத்துத்தான் அங்க இருக்கான்னே தெரியும். சின்னதுலேருந்து தீப்பெட்டி தீப்பெட்டியா வண்டு சேத்து வைப்பா. இதைத்தான் படிக்கப் போறேன்னு வந்து நின்னா. எனக்கு வந்த கோவத்துல அத்தனையையும் அடுப்புல அள்ளிப் போட்டேன். அழக்கூட இல்ல, பாத்துக்கிட்டே நின்னா. மறுநாள் போனவதான், பதினோரு வருஷம் ஆச்சு. என் நம்பரைப் பாத்தா எடுக்க மாட்டா.

குடுக்குறீங்களா? அப்பான்னு சொல்லிடாதீங்க. அவரைக்கொடி வச்சிருக்கிறவர்னு சொல்லுங்க, போதும்.

ஹலோ... வணக்கம் மேடம். ஒரு கூன்வண்டு. கொம்பு மடியாம நேரா இருக்குங்க. என்னன்னு...

ம். ஆமாம்மா. நான்தான்.

இல்ல, வேற எதுவும் கேக்கல. இது என்ன வண்டுன்னு மட்டும் சொல்லிட்டு போனை வச்சிடு.