பின் சீட்ல யாரு

மத்தியானம் மூணு மணி... ஏன் சிரிக்கிறீங்க? இருட்டினாத்தான் பேய் வரணும்னு ஏதாவது சட்டம் இருக்கா? பேசாம நெருங்கி உக்காருங்க.

ரெண்டு பக்கமும் கம்பி வேலி. நடுவுல நீளமா ஒரு ரோடு, காக்கா குருவி கிடையாது. ரோட்டு முடிவுல ஹெலிகாப்டரைச் சோதிச்சுப் பாக்குற மைதானம். அந்த ரோட்டுல தனியா கார்ல போனவர் என் சிநேகிதனோட சித்தப்பா. சண்டைக்குப் போற ஹெலிகாப்டர்... புது மாதிரி... அதை வரைஞ்சதே அவர்தான். சிநேகிதன் இங்க இல்லை, தைரியமாச் சொல்றேன். மனுஷன் கல்நெஞ்சுக்காரர்.

முதல்ல செஞ்ச ஹெலிகாப்டர் விழுந்து பைலட் செத்துட்டான். விழுந்த அன்னைக்குக் காலையிலகூட, "சார், வால் பக்கம் எண்ணெய் எரியிற வாசனை வருது, இன்னைக்குப் பறக்க வேணாம்"னு அந்தப் பையன் கெஞ்சியிருக்கான். ஹெலிகாப்டரை வாங்குறவங்க பாக்க வந்து உக்காந்திருந்தாங்க. "பயமா இருந்தாச் சொல்லு, வேற ஆளைப் பாத்துக்கறேன்"னார் சித்தப்பா. ரோஷத்துல ஏறிட்டான்.

விசாரணையில இவர் என்ன சொன்னார் தெரியுமா? பைலட்தான் கைதவறிட்டான்னு, கொஞ்சம்கூடக் கூசாம. அவன் பொண்டாட்டி கேட்ல வந்து நின்னா. "போன உயிர் வராது. அவர் மேல தப்பில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, அது போதும்"னா. இவர் கார் கண்ணாடியை ஏத்திக்கிட்டுப் போயிட்டார்.

அன்னைக்கு மூணு மணிக்கு அவர் கார்ல போனது ரெண்டாவது ஹெலிகாப்டருக்காக. அங்க ஒரு வழக்கம் உண்டு. புது வண்டியைத் தரையோட சங்கிலி போட்டுக் கட்டி, முதல்தடவை இஞ்சினை ஓட விடறப்போ, வரைஞ்சவரே முன் சீட்ல உக்காரணும். பைலட் பின் சீட்ல. திரும்பினாலும் ஒருத்தர் மூஞ்சி ஒருத்தருக்குத் தெரியாது. காதுல மாட்டின ஹெட்போன்ல பேச்சு மட்டும் கேக்கும்.

சித்தப்பா ஏறி உக்காந்தார். பின்னாடி கதவு... டப். பெல்ட் மாட்டுற சத்தம்... கிளிக். புதுப் பைலட் வந்தாச்சுன்னு நினைச்சுக்கிட்டார்.

"ஆரம்பிக்கலாம்ப்பா."

ஊளை மாதிரி ஒரு சத்தம்... மேல இறக்கை சுத்துது... வண்டி குலுங்குது. அப்பத்தான் எதிர்ல பாத்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், தரையில, பைலட் ஹெல்மெட்டைக் கையில வச்சுக்கிட்டு வாயைப் பிளந்து நிக்கிறான்.

அப்போ பின்னாடி?

காதுல மூச்சு. மூக்குல எண்ணெய் எரியிற வாசனை.

"சார்... இப்போ வாசனை வருதா?"

கதவைத் தள்ளினார். திறக்கலை. ஒரு சங்கிலி அறுந்துச்சு... இன்னொண்ணு... வண்டி ஒருபக்கமாத் தூக்குது.

"ரேடியோ திறந்திருக்கு சார். மைதானமே கேட்டுக்கிட்டிருக்கு. சொல்லுங்க."

சொன்னார். அழுதுகிட்டே சொன்னார். "அவன் வேணாம்னுதான் சொன்னான். நான்தான் ஏத்தினேன். அவன் மேல தப்பில்லை."

இஞ்சின் தானா நின்னுச்சு. ஓடிவந்து பின்கதவைத் திறந்தாங்க. சீட் காலி. பெல்ட் மட்டும் மாட்டினபடி இருந்துச்சு.

அதோட விட்டுதுன்னா நினைக்கிறீங்க? ஹெட்போனைக் கழட்டின அப்புறமும் காதுக்குள்ள அதே குரல்... "என் வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்க சார்." நேரா அந்த வீட்டுக்குப் போனார். கதவைத் தட்டினார். அவன் பொண்டாட்டிதான் திறந்தா. இவரைப் பாக்கவே இல்லை. இவர் தோளுக்குப் பின்னாடி பாத்து, மெதுவா, "கூட்டிட்டு வந்துட்டீங்களா?"ன்னா.

சித்தப்பா உள்ள கால் வச்சார். பின்னாடி கதவைச் சாத்தி... தாழ்ப்பாள் போடுற சத்தம் கேட்டுச்சு.

அவ இவருக்கு முன்னாடிதான் நின்னுக்கிட்டிருந்தா.