மேல்பூச்சு

இல்ல மேஸ்திரி, செருப்பு இருக்கட்டும், சும்மா உள்ள வாங்க. தரையெல்லாம் என்னிக்கோ பாழாப் போச்சு. ஏறிப் பாக்குறதுக்கு முந்தி ஒரு நிமிசம் உக்காருங்க. கொஞ்சம் துருவித் துருவிக் கேப்பேன், கோவிச்சுக்கக் கூடாது. ஒரு தடவ பட்டவன் நான்.

நீங்க பூசுன வீடு ரெண்டு சொல்லுங்க, நான் போய்ப் பாக்கணும். போன மாசம் முடிச்சதெல்லாம் வேணாம். புதுசுல எல்லாமே பளபளன்னுதான் இருக்கும். ரெண்டு மழைக்காலம் தாண்டுன வேலயாச் சொல்லுங்க. ஆங், அந்தத் தையக்கடை மாடியா? நல்லதாப் போச்சு, நாளைக்கே போறேன்.

அப்புறம், தண்ணி எங்கிருந்து எறங்குதுன்னு மொதல்ல எனக்குச் சொல்லணும். வந்ததும் வராததுமா மேல பூசுற பட்டி டப்பாவத் தொறக்குற ஆளு எனக்கு ஆவாது.

முன்னால யாரு பாத்ததா? நெட்டையன்னு ஒருத்தன். அட, உங்களோட ஒரே சாரத்துல நின்னவனா! அப்ப நீங்களே சொல்லுங்க, அவன் எப்படி? அதான், எல்லாரும் அப்படித்தான் சொன்னாங்க, வேலைல பொய் இருக்காதுன்னு. நம்பித்தான் கூப்புட்டேன்.

மாடி பாத்ரூமுக்கு நேர் கீழ இருக்கு அந்த ரூம். சீலிங்ல ஓதம் ஏறி, தாம்பாளம் அகலத்துக்குக் கறை. அப்ப எம் பொண்ணு கைக்கொழந்தையோட வர்றா, நாலே நாள்தான் இருக்கு. வீட்டுக்காரிக்கோ கால் தரையில பாவல. மெத்தைய வெயில்ல போடுறா, கொசுவலைய அலசுறா. நெட்டையன் மூணே நாள்ல முடிச்சுட்டான். இவ அண்ணாந்து பாத்துட்டு, பால் மாதிரி இருக்குங்கன்னா.

பொண்ணு மூணு வாரம் இருந்துட்டுப் போனா. போனதும் வீடே வெறிச்சோடிப் போச்சு. இவ மத்தியானமானா அந்த ரூம்ல போய்ப் படுத்துக்குவா. ஏன்டி, நம்ம ரூமுக்கு என்ன கொறைன்னு கேட்டேன். தலகாணில புள்ள வாசம் இன்னும் இருக்குங்க, உறையத் தோய்க்க மனசு வரலன்னா.

அந்த வாரம் மழை விடாம ஊத்துச்சு. ஒரு மத்தியானம் மழை ஓஞ்சதும் நான் வாசல்ல சைக்கிள் தொடச்சிட்டிருந்தேன். லாரிலேர்ந்து ஜல்லி கொட்டுன மாதிரி ஒரு சத்தம். பக்கத்து வீட்டுலன்னு நெனச்சேன். நெனச்சுட்டு, பின்சக்கரத்தையும் தொடச்சு முடிச்சேன் மேஸ்திரி. அப்புறந்தான் ஜன்னல் வழியா வெள்ளை வெள்ளையாத் தூசி வந்துது.

எனக்குத் தண்ணி வேணாம். நீங்க குடிங்க.

ஆமா, அவளுக்கு அங்கயே முடிஞ்சு போச்சு. ஆஸ்பத்திரி வரைக்கும்கூடப் போகல. ஒரு வருசமாச்சு, நீங்க வர்றீங்கன்னுதான் இன்னிக்கு அந்தக் கதவத் தொறந்தேன்.

போலீஸ்ல கேட்டாங்க, யாரு வேல பாத்ததுன்னு. உள்ள பாக்காம மேல பூசிட்டுப் போயிட்டான்னு எழுதிக் குடுத்தேன். நெட்டையன் எழவு வீட்டுக்கு வந்தான். எம் பொண்ணு அவன் சட்டையப் புடிச்சுட்டா, எங்கம்மாவக் கொன்னுட்டியேடான்னு. கன்னத்துலயும் ஒண்ணு வுட்டா. அவன் என் மூஞ்சியவே பாத்துட்டு நின்னான். அதுக்கப்புறம் யாரும் அவன வேலைக்குக் கூப்புடல. நானும் சும்மா இல்லையே, பாக்குறவன் கிட்டயெல்லாம் சொன்னேன். இப்ப குடோன்ல மூட்ட தூக்குறானாமே? அதையும் விட்டுட்டானா? எங்க இருக்கான்னு வீட்டுக்கே தெரியலையா?

என்ன சொன்னீங்க? அவன் தட்டிப் பாக்காம கை வைக்கிற ஆளில்லையா?

தட்டினான். மொத நாளே தட்டினான். தட்டிட்டு, ஏணில நின்னமேனிக்கே சொன்னான்: சார், உள்ள கம்பியெல்லாம் துருப்புடிச்சு ஊதியிருக்கு, மொத்தத்தையும் கொத்தி எறக்கணும், மேல குழாயையும் மாத்தணும், பத்து நாளாவும், அதுவரைக்கும் இதுக்கடியில யாரையும் படுக்க வைக்காதீங்கன்னு. நான்தான், பச்சப்புள்ள வர்ற வீட்டுல புழுதியக் கெளப்பாத, மேலோட பூசிட்டுப் போ, உன்னால முடியாதுன்னா வேற ஆளப் பாத்துக்குறேன்னேன். ஏணிய விட்டு எறங்கினான். அப்புறம் பட்டியக் கொழைக்க ஆரம்பிச்சான்.

இவ அப்ப கடைக்குப் போயிருந்தா. வந்ததும் என்னங்க சொன்னான்னு கேட்டா.

ஒண்ணுமில்லடி, வெறும் கறைதானாம்னேன்.