சீவிய உரித்து

தேத்தண்ணீரில் சீனி கொஞ்சம் கூடிவிட்டது, குறை நினைக்காதீர்கள். மாமாவுக்குப் போட்டுப் போட்டுப் பழகிய கை. எண்பது வயதிலும் சீனி வியாதி அண்டாத மனுசன். நெல்லியடிச் சந்தைக்குச் சைக்கிளில் போய், மீன்காரியோடு மல்லுக்கட்டி, பாரைக்குட்டி வாங்கிக்கொண்டு வருவார்.

மரண விசாரணைக்கு வந்த நீங்கள், மழைக்குக் கூரை விழுந்து அந்த இடத்திலேயே உயிர் பிரிந்தது என்று எழுதி, என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னீர்கள். நான் நொத்தாரிசு கந்தோரில் காணி உறுதிப் பத்திரங்கள் தட்டச்சு செய்கிறவள். பிழையான வாசகத்துக்குக் கீழே கையெழுத்து வைக்க எனக்கு மனம் வராது. அதனால்தான் கொஞ்சம் இருங்கள் என்றேன்.

இந்த வீடு என்னுடையது. என் தாய்மாமன் தியாகராசா என் கலியாணத்துக்கு எழுதித் தந்த சீதனம். பிள்ளைகள் இல்லாத மனுசன், நல்ல மனசோடுதான் எழுதினார். ஆனால் உறுதியின் அடியில் ஒரு வரி: சீவிய உரித்து அவருக்கு. அதாவது சொந்தக்காரி நான், சாகும்வரை ஆண்டு அனுபவிப்பது அவர். எங்கள் பக்கம் இப்படி எழுதாத சீதனம் குறைவு. கொடுத்த மாதிரியும் இருக்கும், கொடுக்காத மாதிரியும் இருக்கும். அந்த வரியை எத்தனையோ பேருக்கு நானே தட்டியிருக்கிறேன். ஒரு தரம்கூட அதில் எழுத்துப் பிழை விட்டதில்லை.

என் கணவர் சிவகரனுக்குத்தான் இது விளங்கவில்லை. முன்வீட்டில் மாமா, பின்பக்க அறைகளில் நாங்கள். ஒருநாள் சிவகரன் முன்சுவரை உடைத்துக் கடை ஒன்று போட வெளிக்கிட்டார். மாமா சத்தம் போடவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு நேரே போய் எங்கள் இரண்டு பேர்மீதும் வழக்குப் போட்டார். தவணைக்குத் தவணை மாமாவும் நானும் ஒரே ஓட்டோவில்தான் நீதிமன்றம் போவோம். தன்மீது வழக்குப் போட்டவருக்கு மத்தியானச் சாப்பாடு கட்டிக்கொண்டு போன பிரதிவாதியை நீங்கள் கண்டிருக்க மாட்டீர்கள்.

"பிள்ளை, இண்டைக்கு உன்ரை அப்புக்காத்து நல்லாக் கதைச்சவர்," என்று திரும்பி வரும்போது என் வக்கீலை மெச்சுவார்.

"உங்கடை ஆள் கொஞ்சம் நித்திரை தூங்கினவர், மாமா."

"ஓம், நானும் கண்டனான்."

மாமா வென்றார். வெல்லத்தானே வேணும், சட்டம் அவர் பக்கம். சிவகரன் கோபித்துக்கொண்டு கட்டாருக்குப் போனார். "உந்த மனுசன் இருக்குமட்டும் நான் உந்த வாசல்படி மிதிக்க மாட்டன்," என்று போகும்போது சொன்னார், பிறகு போனிலும் அதையேதான் சொன்னார். எனக்கு அவர் வேண்டும், ஐயா. ஒரு கோப்பையைக் கழுவி ஒரு கோப்பையைக் கவிழ்த்து அலுத்துப்போய்விட்டேன். மாமா போனால் இவர் வருவார். மாமாவோ சைக்கிள் ரயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

வழக்கில் தோற்றவர்கள் தீர்ப்பை வாசிப்பதில்லை. நான் ஆறுதலாக இருந்து வாசித்தேன். வீட்டை அனுபவிக்கிறவரே அதைத் திருத்திப் பேணவும் வேண்டும், சொந்தக்காரிக்கு அந்தப் பொறுப்பு இல்லை என்று ஓரிடத்தில் இருந்தது. தோற்ற வழக்கிலும் எனக்கென்று ஏதோ கிடைத்ததில் மனம் குளிர்ந்தது.

போன ஐப்பசியில் பின்பக்கத்து ஓடுகளை மாற்ற ஜெயசுதன் வந்தான். எங்கள் பகுதி ஓடாவி, மரவேலையும் கூரைவேலையும் அவன்தான். மேலே ஏறியவன் முன்வீட்டுப் பக்கமும் பார்த்துவிட்டு இறங்கினான்.

"அக்கா, முன்னறை நடுவளை மரத்தைக் கறையான் திண்டு கோதாக்கிப்போட்டுது. ஒரு பெருமழைக்குத் தாங்காது. ஐயாட்டைச் சொல்லுங்கோ."

"ஓம், நான் சொல்லுறன்," என்றேன்.

சொல்லவில்லை. திருத்துவது அவருடைய பொறுப்பென்றால், கூரையை அண்ணாந்து பார்ப்பதும் அதற்குள் அடக்கம்தானே. நான் வளையைத் தொடவில்லை, ஓட்டைத் தொடவில்லை. கறையானைக் கூப்பிட்டு வைத்துச் சோறு போடவும் இல்லை.

கார்த்திகையில் மழை பிடித்தது. மாமாவின் கட்டில் கிடந்த மூலையில் ஒழுக்கு. கூப்பிட்டார், போனேன்.

"எங்கை பிள்ளை இழுத்துப் போடுவம்?"

"நடுவிலை போடுவம், மாமா. அங்கை ஒழுக்கில்லை."

உண்மையிலேயே அங்கே ஒழுக்கில்லை. நான் பொய் சொல்லவில்லை என்பதை எழுதிக்கொள்ளுங்கள். தலைமாட்டை நான் பிடித்தேன், கால்மாட்டை அவரே பிடித்தார். பாரமான தேக்கங்கட்டில். மூச்சு வாங்க வாங்க, "நீ இல்லாட்டி நான் என்ன செய்வன்," என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மாமாவில் எனக்கு எப்போதும் பாசம், அதில் ஒரு குறையும் வைத்ததில்லை.

மழை விடவில்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவர் சரிந்திருந்தார், நான் பின்னால் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு ஓடி வந்தால் வளையும் ஓடும் கட்டிலுக்கு மேலே கிடந்தன. ஒரு கை மட்டும் வெளியே தெரிந்தது. அந்தக் கை அசைந்தது. அந்த இடத்திலேயே உயிர் பிரிந்தது என்று நீங்கள் எழுதியது பிழை, ஐயா. அயலில் நாலு பேரைக் கூப்பிட்டு மரத்தைத் தூக்குகிற அளவுக்கு நேரம் இருந்தது.

ஆனால் தீர்ப்பில் இன்னொரு கட்டளையும் உண்டு. அவருடைய சம்மதமில்லாமல் நான் முன்வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. மாமா "தயாளினி, தயாளினி" என்று என் பெயரைத்தான் சொன்னார். உள்ளே வா என்று சொல்லவில்லை. பெயரைச் சொன்னால் அது சம்மதமாகுமா என்று வாசலுக்கு வெளியே நின்று யோசித்தேன். நீதிமன்றக் கட்டளையை மீறிவிட்டால் பிறகு யார் பதில் சொல்வது? குரல் மெல்ல மெல்லக் குறைந்து நின்றது. நான் அவசரப்படவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் நின்று, நிச்சயமாகத் தெரிந்த பிறகுதான் உள்ளே போனேன். அதற்கு யாருடைய சம்மதமும் தேவைப்படவில்லை. அப்போது அது என்னுடைய அறை.