கொழும்புக்குப் போகும் கித்தார்

ஸ்டாச்சு ஸ்டாப்பில் இறங்க வேண்டிய நான், முன் இருக்கைப் பெண் சொன்ன ஒன்றைக் கேட்டுப் பாளையம் வரை பஸ்ஸிலேயே இருந்துவிட்டேன்.

“இதுக்கு இரும்புக் கம்பிதான் வாங்கிக் கட்டணும்க்கா.” அவள் மடியில் ஒரு கித்தார்.

பக்கத்தில் இருந்த அக்காளுக்குப் பொறுக்கவில்லை.

“மூணு வருஷமா உம் மாப்பிள்ளை ஒரு காயிதம் போடல்ல. இப்பம் கொழும்புல இருந்து கித்தாரை மட்டும் அனுப்பச் சொல்லுதாரு. அதுக்குப் புதுக் கம்பி வேறயா?”

“அறுந்த நரம்போடயா அனுப்புவேன்?”

“அப்பம் ஆட்டு நரம்பே வாங்கிக் கட்டேன். அது நரம்பு கட்டுத கித்தாராக்கும். இரும்புக் கம்பியை முறுக்கினா பலகையைப் பிய்ச்சுக்கிட்டு வந்துருமேட்டீ!”

தங்கை கித்தாரை முந்தானையால் துடைத்தாள்.

“தெரியும்க்கா. அவருதான் சொல்லித் தந்தாரு.”