பூஜ்யத்துக்கு எதிரே ஒன்று

வெள்ளைச் சட்டையோடு அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் போய், அதே வெள்ளைச் சட்டையோடு வெளியே வருவதற்கு ஒரு பயிற்சி வேண்டும். எதன் மீதும் சாயக் கூடாது. யார் தோளிலும் கை போடக் கூடாது. டீ கொடுத்தால் டம்ளரை விளிம்பில் பிடிக்க வேண்டும். பதினோரு வருஷத்தில் ஒரே ஒரு சட்டையைத்தான் நான் தூக்கிப் போட்டேன். அதில் பட்டது எண்ணெய் இல்லை.

கெங்கம்மாள் உங்களிடம் கொடுத்திருக்கும் மனுவைப் படித்தேன், இன்ஸ்பெக்டர். எழுத்துப் பிழைகளை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் சரிதான். மறுக்கப் போவதில்லை. ஆனால் அவளுக்குத் தெரிந்தது பாதி. மீதியை நான் சொல்கிறேன். நிதானமாகவே சொல்கிறேன்; உங்கள் ரைட்டருக்குக் கை மெதுவாகத்தான் ஓடுகிறது.

எண்பத்தேழில் நான் ஒரு தொழில் பாதுகாப்பு ஆராய்ச்சி மையத்தில் கள அதிகாரி. உள்ளே இருப்பவர்கள் கட்டுரை எழுதுவார்கள். அதைப் பட்டறைகளில் நடைமுறைக்குக் கொண்டுவருவது என் வேலை. எதுவும் வராது என்று எல்லோருக்கும் தெரியும். முதலாளிகள் கேட்டுவிட்டு பிஸ்கட் கொடுப்பார்கள். தொழிலாளிகள் கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். கையை நம்பிப் பிழைக்கிறவனுக்குத்தான் கை மேல் எத்தனை அலட்சியம் என்பதை நீங்கள் அங்கே போய்ப் பார்க்க வேண்டும்.

கஜபதியின் பட்டறையில் பத்து பவர் பிரஸ்கள். தகட்டை உள்ளே வைத்து, காலால் பெடலை மிதித்தால், மேலிருந்து இருபது டன் இறங்கும். தகடு கிண்ணமாகிவிடும். கையை எடுக்க மறந்தால் கையும். அங்கே ஃபிட்டராக இருந்த வேம்புலிக்கு இடது கையில் இரண்டு விரல்கள் ஏற்கெனவே கிடையாது. அவன் ஒரு சாதனம் செய்து வைத்திருந்தான். இரண்டு மணிக்கட்டுக்கும் கேன்வாஸ் பட்டை. பட்டையிலிருந்து சைக்கிள் பிரேக் ஒயர். ஒயரின் மறுமுனை பிரஸ்ஸின் தலையில். தலை இறங்கும்போதெல்லாம் ஒயர் கைகளைப் பின்னால் இழுத்துவிடும். மறந்தாலும் இழுக்கும், தூங்கினாலும் இழுக்கும்.

கண்டுபிடிப்பு என்று அதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் வேலை செய்தது. எங்கள் மையத்தில் பட்டம் வாங்கிய ஏழு பேர் மூன்று வருஷமாகச் செய்யாததை ஒரு சைக்கிள் கடை ஒயர் செய்தது.

முதல் நாள் மாட்டியபோது ஆனந்தன் என்கிற பிரஸ்காரன் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினான்.

"இன்னா அண்ணாத்தே, பொம்மலாட்டம் காட்டப் போறியா? மாட்டைக் கட்ற மாரி கட்டிகினு கீறே."

"மாடுன்னா கட்டாமயே நிக்கும் மச்சான். உன்னைத்தான் கட்டணும்" என்றான் வேம்புலி.

பட்டறையே சிரித்தது. நான் நோட்டில் தேதியை எழுதினேன்.

மூன்று பேரும் ஒப்பந்தம் போட்டோம். கண்டுபிடிப்பு வேம்புலியுடையது, இடம் கஜபதியுடையது, ஆராய்ச்சி என்னுடையது. ஒன்று முதல் ஐந்து வரை பட்டை இல்லாத பிரஸ்கள். ஆறு முதல் பத்து வரை பட்டையோடு. நவம்பர் முதல் தேதியிலிருந்து ஒரு வருஷம். எந்தப் பக்கம் எத்தனை விபத்து என்று பார்ப்பது. பலன் தெரிந்தால் தொழிற்பேட்டையில் நாற்பது பட்டறைகளில் மாட்ட மையம் ஏற்பாடு செய்யும். பலன் தெரியாவிட்டால் கோப்பை மூடிவிடும். என் கையெழுத்து இல்லாமல் சோதனை பிரஸ்களில் யாரும் ஸ்பானர் வைக்கக் கூடாது என்றும் எழுதினேன். வேம்புலி அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "நாப்பது ஷெட்டா சார்?" என்று மட்டும் கேட்டான். அவனுக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

பதினோரு மாதம் ஓடியது. பட்டை போட்ட பக்கம் விபத்து பூஜ்யம். பட்டை இல்லாத பக்கமும் பூஜ்யம்.

காரணம் எளியது. ஒருவன் நோட்டோடு வந்து பார்க்கிறான் என்றதும் எல்லோரும் ஒழுங்காகிவிட்டார்கள். கண்காணிக்க ஆள் இருந்தால் மட்டும் ஒழுங்காக இருப்பது நம் ஜனங்களின் குணம். எங்கள் இயக்குநர் என்னைக் கூப்பிட்டு, "ரெண்டு பக்கமும் பூஜ்யம்னா, மாட்டினாலும் மாட்டாட்டியும் ஒண்ணுதானே?" என்று கேட்டார். அவர் அதிகம் யோசிக்கிறவர் இல்லை. ஆனாலும் அந்தக் கணக்குக்குப் பதில் கிடையாது.

அந்த நாற்பது பட்டறைகளில் வருஷத்துக்குப் பத்துப் பன்னிரண்டு கைகள் போய்க்கொண்டிருந்தன. பத்து வருஷத்துக்கு நூறு கை. இந்தப் பக்கம் எனக்குத் தேவைப்பட்டது ஒன்று. யாராக இருந்தாலும் இப்படித்தான் யோசிப்பார்கள். துணிச்சல் மட்டும்தான் வேறுபடும்.

எண்பத்தெட்டு ஆயுத பூஜைக்குக் கஜபதி என்னை அழைத்திருந்தார். சோதனை முடியப் பன்னிரண்டு நாள் இருந்தது. பிரஸ்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. ஸ்பானர், சுத்தியல் எல்லாவற்றையும் மாங்காட்டு அம்மன் படத்துக்கு முன்னால் அடுக்கிப் பொட்டு வைத்திருந்தார்கள். அவற்றை மறுநாள் காலைவரை யாரும் தொட மாட்டார்கள். கஜபதி வாசலில் பூசணிக்காய் உடைத்தார். பட்டறை மொத்தமும் அதை வேடிக்கை பார்க்க வாசலுக்குப் போயிருந்தது. நான் படத்துக்கு முன்னாலிருந்து ஒரு ஸ்பானரை எடுத்தேன். நாலாம் நம்பர் பிரஸ்ஸின் பிரேக் நட்டை ஒன்றரைச் சுற்று தளர்த்தினேன். ஸ்பானரைத் திரும்ப வைத்துவிட்டுப் போய்ப் பொரி வாங்கிக்கொண்டேன்.

பிரேக் தளர்ந்தால், அடித்துவிட்டு மேலே போன தலை நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது. பெடலை மிதிக்காமலே இறங்கும். எப்போது என்று சொல்ல முடியாது. நூறு அடிக்கு ஒரு தடவை இருக்கலாம், ஆயிரத்துக்கு ஒன்றாகவும் இருக்கலாம்.

நாலாம் நம்பரில் வேலை செய்தவள் கெங்கம்மாள். சேக்காட்டிலிருந்து ரயிலில் வருகிறவள். புருஷன் இல்லை. மறுநாள் காலை உட்கார்ந்ததுமே வேம்புலியிடம் கேட்டாள்.

"அண்ணே, பிரேக் நட்டுக்கு யாரு பொட்டு வச்சது? அங்கல்லாம் கூடவா சாமி கும்புடறீங்க?"

ஸ்பானரில் இருந்த குங்குமம் ஒட்டியிருக்கிறது. நான் கவனிக்கவில்லை. கைக்குட்டையால் துடைத்திருக்கலாம்.

மத்தியானத்துக்குள் அவள் எழுந்து நின்றுவிட்டாள். "மெதிக்காமயே எறங்கி வந்துகினு கீது சார். நான் ஒக்கார மாட்டேன்."

வேம்புலி பார்த்தான். அவனுக்குப் புரிந்தது. "சார், ஒரு கையெழுத்துப் போடு சார். ரெண்டு நிமிஷத்துல முடுக்கிடறேன்."

சோதனை முடிந்ததும் போடுகிறேன் என்றேன். பழுதாவதும் இயல்பான நிலைமையில் சேர்த்திதான், ஆராய்ச்சியில் அதையும் அளக்க வேண்டும் என்று விளக்கினேன். வேம்புலி கஜபதியிடம் போனான். தீபாவளிக்குள் அனுப்ப வேண்டிய சரக்கு இருந்ததால் அவர் மிஷினை நிறுத்தவும் தயாரில்லை. "படிச்சவரு சொல்றாரு, நமக்கு இன்னா தெரியும்" என்றார். அவர் சொன்னதிலேயே உண்மையான வாக்கியம் அது.

சாப்பாட்டு நேரத்தில் வேம்புலி ஒன்பதாம் நம்பரிலிருந்து பட்டையைக் கழற்றி நாலில் மாட்டியிருந்தான். திரும்ப மாற்றச் சொன்னேன்.

"கையி பூடும் சார்."

"சோதனை ரத்தாகிவிடும். நாற்பது ஷெட்டும் போய்விடும். நீயே முடிவு செய்" என்றேன்.

அவன் பட்டையைக் கழற்றி ஒன்பதிலேயே மாட்டினான். அப்புறம் கெங்கம்மாளைப் பார்த்து, "நீ ஒம்பதுல போய் ஒக்காரும்மா. இதுல நான் ஒக்காந்துக்கறேன்" என்றான்.

ஆளை மாற்றக் கூடாது என்று விதிகளில் நான் எழுதவில்லை. விட்டுவிட்டேன்.

அவன் ஒரு நீள இடுக்கி செய்து, கையை உள்ளே விடாமல் தகட்டை வைத்து எடுத்துக்கொண்டிருந்தான். இரண்டு நாள் பார்த்தேன். இப்படியே போனால் பூஜ்யம்தான். இடுக்கியும் ஒரு பாதுகாப்புச் சாதனம். பட்டை இல்லாத பக்கத்தில் எந்தப் பாதுகாப்புச் சாதனமும் இருக்கக் கூடாது. அதுதான் சோதனை என்றேன். அவன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு இடுக்கியை என் கையில் கொடுத்தான். அதை ஒரு காகிதத்தில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டேன்.

ஆறாவது நாள் காலை பதினொன்று இருபதுக்கு அவன் வலது கை போனது. நான் பக்கத்தில்தான் நின்றேன். அந்த வாரம் தினமும் நின்றேன்.

ஆட்டோவில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டான். "சார், இப்போ நாப்பது ஷெட்லயும் மாட்டிருவாங்க இல்ல?" என்றான். அவனுக்குத் தெரிந்திருந்ததா என்று நீங்கள் கேட்பீர்கள். தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். தெரிந்தும் உட்கார்ந்திருந்தால், என் கணக்கை அவனும் ஒப்புக்கொண்டான் என்றுதானே அர்த்தம்.

அறிக்கை ஏற்கப்பட்டது. பட்டை இல்லாத பக்கம் ஒன்று. பட்டை போட்ட பக்கம் பூஜ்யம். நாற்பது பட்டறைகளில் மாட்டினார்கள், பிறகு ஆவடிப் பக்கமும் போனது. அதற்கான சம்மதப் பத்திரத்தில் வேம்புலி இடது கட்டைவிரலை வைத்தான்.

ஆக, எழுதிக்கொள்ளுங்கள். நட்டைத் தளர்த்தியது நான். கையெழுத்துப் போட மறுத்தது நான். இடுக்கியை வாங்கி வைத்துக்கொண்டது நான். இதில் எனக்கு வெட்கம் எதுவும் இல்லை.

ஆனால் எட்டு வருஷமாக ஒரு விஷயம் என்னை உறுத்துகிறது. அறிக்கையில் நாலாம் நம்பருக்கு நேரே கெங்கம்மாளின் பெயரையே மாற்றாமல் விட்டுவிட்டேன். நடுவில் ஆள் மாறினால் அந்த எண்ணிக்கை செல்லாது. ஆராய்ச்சியில் அது முதல் பாடம். ஓர் அடிக்குறிப்பாவது போட்டிருக்க வேண்டும். அந்த நேர்மைக்குறைவுக்கு மட்டும் நீங்கள் எந்தத் தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன்.