அருமை என்று எழுதிய கை

அவைக்குத் தலைமை தாங்கி அமர்ந்திருக்கும், எங்கள் இணைய எழுத்தாளர் வட்டத்தைக் கட்டிக் காக்கும் ஐயா நஞ்சுண்டன் அவர்களே! முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்தோர்களே! ஞாயிற்றுக்கிழமைச் சமையலை அவசர அவசரமாக முடித்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! கணிப்பொறியைப் பார்த்துப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்ட என் கூட்டாளிகளே! செயலாளன் ரங்கராஜின் வணக்கம்.

ஆண்டு விழாவில் வாழ்த்திப் பேசத்தான் வந்தேன். அடுக்கடுக்காய் எழுதிய தாள் பையில் இருக்கிறது. அதை எடுக்கப் போவதில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

தொண்ணூற்றெட்டில் ஆறே பேர் இணையத்தில் ஆளுக்கொரு பக்கம் தொடங்கினோம். அன்று நம் பழக்கம் எப்படி இருந்தது? சீனிவாசலு தன் தோட்டத்துக் கிணற்றைப் பற்றி எழுதினால், அவர் பக்கத்தின் அடியில் இருக்கும் வருகைப் புத்தகத்தில் மூன்று பேர் முழுநீளக் கடிதம் எழுதினோம். சண்டை போட்டோம், சமாதானம் ஆனோம், ஆனால் படித்தோம்! இன்று இருபத்துமூன்று பேர். யாரும் யாரையும் விட்டுவிடக் கூடாது என்று போன வருடம் ஒரு விதி வந்தது. வாரத்துக்கொரு முறை எல்லோரும் எல்லோருடைய புத்தகத்திலும் கையெழுத்திட வேண்டும். இடாதவர் பெயர் கூட்டத்தில் வாசிக்கப்படும். அந்த விதியைக் கொண்டுவந்தவன் யார்? நான்தான்.

கைதட்டாதீர்கள், தயவுசெய்து கைதட்டாதீர்கள்.

பிரவுசிங் சென்டரில் கிடைக்கிற ஒரு மணி நேரத்தில் இருபத்திரண்டு பக்கம் படிக்க முடியுமா? முடியாது. அதனால் ஒரே வரியை நகலெடுத்து ஒட்டினோம். “அருமை! தொடருங்கள்! என் பக்கத்துக்கும் வாருங்கள்!” கதைக்கும் அருமை, கவிதைக்கும் அருமை, கத்தரிக்காய்க் குழம்புக்கும் அருமை! அங்கே சிரிக்கிறீர்கள். தலைவர் ஐயா, நீங்களும்தான் ஒட்டினீர்கள்.

இப்போது வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

அன்று சாயங்காலம் காந்திபுரம் டவுன் பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். பஷீர் பாயின் பிரவுசிங் சென்டர் மூடுவதற்குள் கையெழுத்துக்களை முடிக்க வேண்டுமே என்ற ஓட்டம். கூட்டத்தில் ஒரு பெரியவர் வழியை மறித்தார். பச்சைக் கட்டம் போட்ட கைலி, நூல் கட்டிய கண்ணாடி. இரண்டு கையாலும் என் சட்டைக் காலரை நேராக்கினார். பிறகு, “கொடுமுடி பஸ் எங்கீங்க நிக்கும்?” என்றார்.

நான் அவர் கையைத் தட்டிவிட்டேன். “அக்கட்டால போய்க் கேளுங்க பெரியவரே” என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

சென்டரில் ஒரே ஒரு கணிப்பொறியில்தான் எல்லாத் தமிழ் எழுத்துருவும் உண்டு. அதில் வேறு யாரோ இருந்தார்கள். நான் உட்கார்ந்த இயந்திரத்தில் உரிய எழுத்துரு இல்லாததால், நம் வட்டத்து உறுப்பினர் உக்கடத்து ஜன்னத்தின் பக்கம் கொக்கியும் கோடுமாய்த் தெரிந்தது. ஓர் எழுத்துகூடப் புரியவில்லை. புரியாத பக்கத்துக்குக் கீழே நான் என்ன எழுதினேன்? அருமை, தொடருங்கள் என்று எழுதினேன்!

இன்று காலை பத்து மணி. இந்த மண்டபச் சுவரில் ஒட்டுவதற்காக நம் எல்லோருடைய பக்கங்களையும் பஷீர் பாய் அச்செடுத்துக்கொண்டிருந்தார். ஒரு தாளைப் பிடித்தபடி என்னைக் கூப்பிட்டார்.

“ஏனுங்க செயலாளரே, இதைப் படிச்சுப் போட்டுத்தான் அருமைன்னு எழுதுனீங்களா?”

வாங்கிப் படித்தேன். வெள்ளி மதியம் ஜன்னத் எழுதியது. ‘என் தகப்பனார் ரசாக், டெய்லர், வயது எழுபத்திரண்டு. நினைவு தப்பிப் போகிறவர். வியாழன் காலையிலிருந்து காணவில்லை. போலீசிலும் சொல்லியிருக்கிறோம். பச்சைக் கட்டம் போட்ட கைலி. பெயர் கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனால் யாரைப் பார்த்தாலும் சட்டைக் காலரை நேராக்கி விடுவார். என் பக்கத்துக்கு வாராவாரம் தவறாமல் வருகிறவர்களே, எங்காவது பார்த்தால் சொல்லுங்கள்.’

கீழே பத்தொன்பது கையெழுத்து. பத்தொன்பதும் அருமை!

பஷீர் பாயும் நானும் உக்கடத்துக்கு ஓடினோம். அந்த அம்மணி எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். “பத்தொம்பது பேர் எழுதியிருக்காங்கன்னதும் அத்தா கெடைச்சுட்டாருன்னு நெனச்சுத் தொறந்தேனுங்க” என்று மட்டும் சொன்னார்.

நான் காந்திபுரத்தில் நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் மாறியது.

“உங்க காலரைத் தொட்டாருங்களாண்ணா? அப்ப அத்தாவேதானுங்க! கொடுமுடியில எங்க அத்தை இருந்தாங்க. போன வருசமே மவுத்தாயிட்டாங்க, வீடு பூட்டித்தான் கெடக்குது. அது அவருக்கு நெனப்பிருக்காது.” பிறகு, “சாப்டாரான்னு கேட்டீங்களா?” என்றார்.

“கேக்கலீங்க அம்மணி.”

அவையோரே, எத்தனையோ மேடையில் பேசியிருக்கிறேன். எந்தக் கேள்விக்கும் இப்படித் தலைகுனிந்ததில்லை.

ஜன்னத்தின் தம்பி அனீஸ் பதினொரு மணி பஸ்ஸில் கொடுமுடிக்குப் போயிருக்கிறார். இந்த நிமிடம் வரை போன் இல்லை. பெரியவர் வெள்ளிக்கிழமை கொடுமுடி பஸ்ஸில் ஏறினாரா, பூட்டிய வீட்டு வாசலில் நிற்கிறாரா, ஆற்றங்கரைப் பக்கம் போய்விட்டாரா? தெரியாது. தெரியாது என்பதுதான் என்னைத் தின்கிறது.

என்ன கேட்கிறீர்கள் வேங்கடசாமி அண்ணா? விழா என்ன ஆகும் என்றா? விழா இருக்கட்டும்! நான் கொண்டுவந்த விதியை நானே இந்த மேடையில் எடுத்துவிடுகிறேன். வந்ததற்கு வந்து, எழுதியதற்கு எழுதி, கையெழுத்துக்குக் கையெழுத்து போட்டுக்கொண்டது போதும். வாரம் ஒரு பக்கம் படியுங்கள், போதும். அதை முழுக்கப் படியுங்கள். தன் துயரத்தை எழுதியவளுக்குத் தெரியட்டும், தாளுக்கு இந்தப் பக்கம் ஓர் ஆள் இருக்கிறான் என்று!

இங்கே அறுபது பேர் இருக்கிறோம். வாசலில் வேன் நிற்கிறது. அதில் கொள்ளுகிறவர்கள் என்னோடு கொடுமுடிக்கு வாருங்கள். மற்றவர்கள் காந்திபுரம், உக்கடம், ரயில் நிலையம் என்று பிரிந்து போங்கள். பஷீர் பாய் அந்தப் பக்கத்தை அறுபது பிரதி எடுத்து வைத்திருக்கிறார். வாங்குகிறவர்கள் அங்கேயே நின்று, ஒருமுறை, முழுதாகப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

பொறுமையாய்க் கேட்ட பெரியோர்க்கும் தாய்மார்க்கும் நன்றி. எனக்குப் போட்ட மாலையை நாற்காலியிலேயே வைத்துவிட்டு இறங்குகிறேன். வழியில் யாராவது உங்கள் சட்டைக் காலரைத் தொட்டால், கையைத் தட்டிவிடாதீர்கள். பிடித்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டீர்களா என்று கேளுங்கள்.

வணக்கம்.